தாப்பாவில் இறக்கி வைத்த அரிசி

நான் ஐஸ் லோரி ஓட்டினவன். காஜா பெராங்கில் வீடு. காலையில் ஐஸ் கட்டிகளை ஏற்றி மலாக்கா மீன் பாசாரில் இறக்குவேன். பிறகு கடைகளுக்கு. பத்து வருஷம் ஓட்டியும் அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம் என் சக்கரம் போனதில்லை. போனால் ஐஸ் கரைந்துவிடும்.

அப்படிப்பட்டவன் ஒரு தடவை கேமரன் மலைக்கு மோட்டார்க் காடி ஓட்டிப் போனேன். என் பெண்சாதியும் நானும் மட்டும். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் அது.

என் தங்கச்சியை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மூன்று வருஷமாகியும் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகள். ரோட்டில் கெடுபிடி. இப்போது அவள் மகனுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவளுக்கு நான் ஒரே அண்ணன். கடிதம் வந்தது.

"அண்ணே, நீங்க வரலன்னா பெரியப்பா மடியில உட்கார வெச்சிடுவாங்களாம். அண்ணன் இருந்தா வராமலா இருப்பான்னு மாமியா பேசுது. எப்படியாச்சும் வந்துடுங்க. மூணு மணிக்கு மேல மலை அடிவாரத்துல, தாப்பாவுல, கேட்ட மூடிடுவாங்க."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஐஸ் கடை முதலாளி தவுக்கேயிடம் போனேன். தங்கச்சி மகன், காது குத்து, மூன்று நாள் லீவு என்றேன். பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டாய் என்றார். தன்னுடைய பழைய கறுப்புக் காடியின் சாவியை மேசைமேல் வைத்தார். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாதே, கியரில் இறங்கு என்று மலாயில் இரண்டு தடவை சொன்னார். அவரும் மலை ஏறினவர் இல்லை.

என் பெண்சாதி சீர் சேர்த்தாள். ஏழு தட்டு. பெண்டஹாரா ரோட்டில் தோடு வாங்கினோம். பட்டுத் துணி, வெற்றிலை பாக்கு, வெல்லம், தேங்காய், பழம். அரிசியை மஞ்சள் துணியில் தனியாக முடிந்தாள். இரண்டு படி. கல் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது. வழிக்குப் புளிச்சோறு கட்டினாள். முதல் நாள் முழுக்க அவள் உட்காரவே இல்லை.

வெளுக்கும் நேரத்தில் கிளம்பினோம். அலோர் காஜா தாண்டினதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி இருந்தது. பின்னால் ஐஸ் இல்லை. எங்கேயும் நிறுத்தி இறக்க வேண்டியதில்லை. ரோடு போகிற வரைக்கும் போகலாம். நான் விசில் அடித்தேனாம். அவள் சொல்லித்தான் தெரியும்.

அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மைல் கல் வரும்போதெல்லாம் சத்தமாகப் படித்தாள். சிரம்பானில் காப்பி குடித்தோம். கோலாலம்பூரில் பெரிய மணிக்கூண்டு உள்ள கட்டடத்தைத் தெரியாமல் சுற்றிவந்தேன். இன்னொரு தடவை பார்க்கலாமா என்றாள். வேண்டுமென்றே இன்னொரு சுற்று வந்தேன்.

அதற்கப்புறம் ஈயம் தோண்டுகிற கப்பல். ஒரு குட்டையில் வீடு உயரத்துக்கு நின்றுகொண்டு மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. "இத்தினியூண்டு தண்ணிக்குள்ள எப்படிங்க கப்பல் வந்துச்சு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. உள்ளேயே கட்டியிருப்பார்கள் என்றேன்.

தஞ்சோங் மாலிம் பக்கத்தில் பால் வெட்டுகிற கித்தா மரம் ஒன்றின் அடியில் பசியாறினோம். வலது பக்கம் வானத்தில் நீலமாகக் கிடந்ததை மழை மேகம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஓட்டியும் அது நகரவில்லை. அப்போதுதான் மலை என்று தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு போனோம்.

தாப்பா கேட்டுக்கு வரும்போது மணி இரண்டு. நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

போலீஸ்கார மாத்தா-மாத்தா ஒருவர் என் அடையாளக் கார்டைப் பார்த்தார். பெண்களைச் சோதிக்கக் காக்கி உடுப்பில் ஒரு தமிழ்ப் பொம்பளை இருந்தாள். என் பெண்சாதியை இறக்கிவிட்டு, பின் சீட்டில் இருந்த மஞ்சள் முடிப்பைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது என்னா?"

"சீரு அரிசி, அக்கா. நாத்தனா மகனுக்குக் காது குத்து."

"எந்த ஊரு நீங்க?"

"மலாக்கா."

"அதான பாத்தேன். உங்க ஊருல அரிசி அரிசியா இருக்கு. இங்க அது தோட்டா மாதிரி. அரிசியத் தூக்கிக்கிட்டு நேரா கேட்டுக்கே வந்திருக்கியே, தாயி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று அந்தப் பக்கம் இன்னும் தடை இருந்தது. அரிசி, வெல்லம், ஆக்கின சோறு, ஒன்றும் மேலே போகக்கூடாது. மலாக்காவில் அந்தக் கெடுபிடியை எடுத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் மறந்தே போனோம். தங்கச்சி எழுதவில்லை. மேலே இருப்பவர்களுக்கு அது தெரிந்த விஷயம். நமக்கும் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

சார்ஜண்டைக் கூப்பிட்டார்கள். மலாய்க்காரர். யாருக்குக் கொண்டு போகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் கடிதத்தை நீட்டினேன். அந்தக் கேட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்தப் பொம்பளை ஒருத்திதான். ஒவ்வொரு வரியாகப் படித்து மலாயில் சொன்னாள். மாமியா பேசுகிற இடம் வந்ததும் சார்ஜண்ட் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று நினைக்கிறேன். பிறகும் விடவில்லை. சீட்டைக் கழற்றினார்கள். டயரைத் தட்டினார்கள். தட்டுகளின் அடியைப் பார்த்தார்கள்.

கடைசியில் சொன்னார். ஆள் போகலாம். துணியும் தோடும் வெற்றிலையும் போகலாம். தின்கிற சாமான் எல்லாம் இங்கே இருக்கட்டும், இறங்கி வரும்போது எடுத்துக்கொள்.

என் பெண்சாதி மஞ்சள் அரிசி போடுவதற்காவது ஒரு பிடி கேட்டாள். ஒரு மணி அரிசிகூட முடியாது என்றாள் அந்தப் பொம்பளை. மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

என் பெண்சாதி காடியில் ஏறவில்லை.

"வெறுந்தட்ட வெச்சிக்கிட்டு நான் எப்படி அங்க போயி எறங்குவேன்? நீங்க ஆம்பள. பேச்சு எனக்கும் உங்க தங்கச்சிக்குந்தான் விழும். திரும்பிடலாம்."

"என் மடி இருக்கு. ஏறு" என்றேன்.

முந்தானையை இடுப்பில் செருகினாள். ஏறினாள். எங்களுக்குப் பின்னால் கம்பை இறக்கினார்கள். அன்றைக்கு மேலே போன கடைசி காடி நாங்கள்தான்.

என் லோரி போகிற வழியில் மொத்தம் பதினொரு வளைவு. இங்கே ஒரு மைலுக்குள் அதைவிட அதிகம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. இரண்டாவது கியர், முதல் கியர், மறுபடி இரண்டாவது. கை வலித்தது. ஆனால் விட மனசில்லை. ஒவ்வொரு வளைவும் இன்னொன்றைக் காட்டு என்பது போல இருந்தது. ஓர் இடத்தில் எஞ்சின் ஆவி விட்டது. ரோட்டோரத்தில் ஒழுகின அருவியில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன்.

அவள் கோபமாக இருந்தாள். மைல் கல் படிக்கவில்லை. பாதி மலையில் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள்.

"ஐஸ் கொட்டாயோட கதவத் தெறந்து வெச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அப்புறம் வாய் ஓயவில்லை.

ரிங்லெட்டில் சீனர்கள் ரோட்டோரம் காய்கறி போட்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னாள்.

"கீழேருந்து மேல கொண்டாறதுதான தப்பு. மேலேயே வெளையறத யாரு கேப்பா?"

முட்டைக்கோசு வாங்கினாள். கேரட் வாங்கினாள். மலாக்காவில் பார்த்தே இராத பெரிய பெரிய பூக்களாக வாங்கித் தட்டுகளை நிரப்பினாள். அரிசித் தட்டில் மட்டும் எதையும் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அது காலியாகவே வந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் தோட்டம் வந்தது. மலை முழுக்க முடி வெட்டிவிட்டது போலப் பச்சை. கூலி வீடுகள் வரிசையாக இருந்த லயத்து வாசலில் தங்கச்சி நின்றாள். ஓடி வந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தோம். பொம்பளைகள் கூடிப் பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள், மாமன் மலாக்காவுலேருந்து நம்ம கோசையே நமக்குக் கொண்டாந்திருக்காரு என்று. எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியார்க்காரி சிரிக்கவில்லை. காலித் தட்டைப் பார்த்தாள்.

"இது என்னா தட்டு?"

"அரிசித் தட்டும்மா. தாப்பாவுல எறக்கி வெச்சிட்டாங்க" என்றாள் என் பெண்சாதி.

அந்த அம்மா வீட்டுக்குள் போனாள். சிரிப்பு நின்றுவிட்டது. என் பெண்சாதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா ஒரு தகரத்தோடு வந்தாள். அந்த வாரத்துக்கு அவர்களுக்கு அளந்து கொடுத்த அரிசி. அதில் இரண்டு கை அள்ளி எங்கள் தட்டில் போட்டாள். பிறகு இன்னொரு கை.

"இங்கேருந்து பட்டணத்துக்குப் போயி அரிசியோட திரும்பறப்ப நானும் ஒரு வாட்டி பிடிபட்டிருக்கேன். ஒக்காரு தம்பி, நேரமாவுது."

பலகையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். கனமாக இருந்தான். என்னை முன்பின் பார்க்காதவன், என் மீசையையே பார்த்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை கத்தின கத்தல் எதிர் மலைக்கே கேட்டிருக்கும். என் பெண்சாதி அழுதாள். தங்கச்சி சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த காது என்றார் ஆசாரி. மடியிலேயே திருப்பி உட்கார வைத்தேன்.