மைக் குரல்

கம்பஸில் முதலாம் வருடத்தில் எல்லோருக்கும் ஒரு காட் கிடைக்கும். காட் என்றால் சீனியர்மார் வைக்கிற பட்டப்பெயர். வருடம் முடியும்வரை அந்தப் பெயருக்குத்தான் திரும்ப வேண்டும். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் காது கேட்காத மாதிரிப் போய்விட வேண்டும். உயரமான ரொனிக்கு லைட் போஸ்ட் என்று வைத்தார்கள். அடிக்கடி தும்முகிற பெண்ணுக்கு மிளகாய்த்தூள். மிதுனாவுக்குக் கிடைத்தது ஷஹீமா.

அது பட்டப்பெயர் மாதிரியே இல்லை என்று மிதுனா நினைத்தாள். ஆனாலும் சந்தோஷப்பட்டாள். மிளகாய்த்தூளைவிட நல்லது. அதோடு மைக்கும் கிடைத்திருந்தது.

மைக் அவளுக்குச் சின்ன ஆசையல்ல. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடி வீட்டில் வளர்ந்தவள். அப்பா பொன்னம்பலத்துக்குக் கொள்ளுப்பிட்டியில் காப்புறுதி வேலை. அம்மா ஜெகதீஸ்வரி வீட்டு விறாந்தையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பார். மிதுனா குளிக்கும்போது செய்தி வாசிப்பாள். ரயில் போகும் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று கத்தி வாசிப்பாள். பாடசாலையில் ஒவ்வொரு விழாவுக்கும் கை உயர்த்தினாள். ஒவ்வொரு விழாவுக்கும் வேறு யாரோ அறிவிப்பாளர். இவள் விளக்கேற்றுகிறவர்களுக்குத் தீப்பெட்டி கொடுத்தாள்.

ஆகவே, தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவுக்கு அறிவிப்பாளர் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். கன்டீனுக்குப் பின்னால் சங்கத்தின் அறை. மூன்றாம் வருடத்துத் தனஞ்சயன் மேசையில் ஏறி உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வருடத்துச் சப்ரி தரையில் குந்தியிருந்து ஸ்பீக்கர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“எல்லோருக்கும் வணக்கம்,” என்றாள் மிதுனா.

சப்ரியின் கை நின்றுவிட்டது.

“இன்னொருக்காச் சொல்லும்,” என்றான் தனஞ்சயன்.

“பிழையோ அண்ணா?”

“பிழையில்லை. கொஞ்சம் கீழ இறக்கிச் சொல்லும். கடைசிச் சொல்லுக்கு முதல் மூச்செடுத்துப்போட்டுச் சொல்லும்.”

சொன்னாள். சப்ரி வயரைக் கீழே வைத்தான்.

“தனா அண்ணா, வேணாம்,” என்றான் சப்ரி மெதுவாக.

“நீ வயரைப் பார்.” தனஞ்சயன் மேசையிலிருந்து இறங்கினான். “மைக் உமக்குத்தான். காட் ஷஹீமா.”

ஷஹீமா யாரென்று பிறகு சப்ரிதான் சொன்னான். அவனுடைய பச், அவனோடு ஒரே வருடத்தில் சேர்ந்தவள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. போன வருடம் அவள்தான் அறிவிப்பாளராக இருக்க வேண்டியது. விழாவுக்கு முன் டெங்கு வந்து செத்துப்போனாள்.

“அன்டைக்கு ரிகர்சல்,” என்றான் சப்ரி. “எல்லார்ட ஃபோனையும் வாங்கி வாளியொன்டுக்குள்ள போட்டு மூடி வெச்சாரு தனா அண்ணா. பின்னேரம் தொறந்து பார்த்தா எல்லா ஃபோன்லயும் மெசேஜ். ஓடினோம். எங்கட ஆக்கள் வெச்சிட்டு ஈக்க மாட்டாங்களே, அன்டைக்கே அடக்கிருவாங்க. நாங்க போகக்குள்ள ஜனாஸா போயிட்டு. தெருவுல வந்த ஆக்கள் குந்தின கதிரைய அடுக்கிட்டு ஈந்தாங்க.” தேநீர்க் கோப்பையை ஆட்டினான். “நாங்க ஒத்தரும் மொகம் பாக்கல்ல. அதுல அவ எங்களுக்கு மவுத்தாகல்ல, சாகல்ல. லீவு மாதிரி.”

“அதுக்கு என்ர பேரை ஏன் மாத்தினீங்கள்?”

“உங்கட பேரு லீவுல போயிருக்கு தங்கச்சி,” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

தனஞ்சயன் ஷஹீமாவின் ஒத்திகைப் பதிவுகளை அனுப்பினான். மிதுனா பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். தாழ்ந்த, நிதானமான குரல். கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு மூச்சு. ழகரத்தில் இலேசாகத் தங்கி, பிறகு இறங்கும். காலி வீதி நெரிசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் கூடவே உதடசைத்தாள். மாலை ஒத்திகையில் தனஞ்சயன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கண்ணைத் திறக்காமல் தலையாட்டினால் சரி.

ஒரு நாள் கன்டீனில் பின்னுக்கு நின்று பிளேன்டீ கேட்டாள். கன்டீன் நடத்துகிற சிங்கள அய்யே கேத்தலோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “ஷஹீமா நங்கி, சீனி எப்பா நேத?” என்றார். ஷஹீமா தங்கச்சி, சீனி வேண்டாம்தானே என்று. பிறகு திரும்பினார். மிதுனாவின் முகத்தைப் பார்த்தார். கோப்பையைத் தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளிவிட்டார், கையில் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் போனால் அவருடைய பையன்தான் தேநீர் ஊற்றினான்.

மிதுனா தேநீரைக் குடித்தாள். சீனி இல்லாமல் அது நன்றாகவே இருந்தது.

வீட்டில் அவள் பேசுவது குறைந்தது. ஒத்திகையால் தொண்டை நோகிறது என்று கையால் காட்டுவாள். ஜெகதீஸ்வரி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். வேறு எல்லாம் வட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டார்கள். வளாகத்தில் அப்படியில்லை. யார் யாரோ அவளுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். ஷஹீமா என்று கூப்பிட்டார்கள். வகுப்புக்கு வெளியேயும் பேசு பேசு என்று கேட்டார்கள். தீப்பெட்டி கொடுத்த காலம் எவளுடையதோ போலாகியிருந்தது.

விழாவுக்கு முந்திய கிழமை ஷஹீமாவின் வருடக் கத்தம் வந்தது. குர்ஆன் ஓதி, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். சங்கத்தை அழைத்திருந்தார்கள். தனஞ்சயன் மிதுனாவையும் வரச் சொன்னான்.

“அங்க நீர்தான் முதல் கதைக்கோணும்,” என்றான். “அவட உம்மா கேக்கோணும். விழாவுக்கும் அவவை முன் வரிசையில இருத்தப் போறன்.”

“பாவமெல்லோ அண்ணா. அழுவா.”

“அழட்டும். நாங்கள் அண்டைக்குப் பிந்திப் போனதுக்கு இதையாவது குடுக்கோணும்.”

கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய சந்து. மேல் வீட்டுக்கு ஏறும் படியில் செருப்புகள். ஓதல் முடிந்து ஆண்கள் முன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளறை வாசலில், ஷஹீமாவின் தாய் ஸமீமா தண்ணீர்ச் சாடியோடு நின்றார். ஒல்லியான பெண். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தார்.

தனஞ்சயன் மிதுனாவின் பக்கம் பார்த்தான்.

“வணக்கம் ஆன்ட்டி,” என்றாள் அவள். “நாங்கள் கம்பசில இருந்து வாறம்.”

ஸமீமா அழவில்லை. சாடியைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்து, மிதுனாவின் தொண்டையைப் பார்த்தார், முகத்தையல்ல.

“உங்களுக்கும் வந்திட்டா இது,” என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. தனஞ்சயன் தொண்டையைச் செருமினான். “ஆன்ட்டி, இது ஷஹீமாட குரல் மாதிரியே இருக்கெண்டு…”

“என்ட புள்ளட கொரல் எனக்குத் தெரியாதா தம்பி? அவடது சின்னக் கொரல். மூக்கால பேசுவா. அவட நானா, என்ட மூத்த மகன், அவள ‘பீப்பீ’ன்டுதான் பகிடி பண்ணுவான். கம்பஸுக்குப் போய்த்தான் இது வந்திச்சி. முதல்ல மைக்குக்குன்டு செல்லிச் செல்லிப் பழகினா. பொறகு வூட்டுலயும் இதுதான். விளையாட்ட விடு புள்ளன்டு ஏசினேன். விட ஏலல்ல அவளுக்கு. கண்ணாடிக்கு முன்னுக்கு நின்டு நின்டு பாத்தா, ஏலல்ல.” முக்காட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். “ஆஸ்பத்திரியிலயும் உம்மா உம்மான்டா. இந்தக் கொரல்ல. ஆரோ கூப்பிடுறாங்கன்டு நான் அடுத்த கட்டிலப் பாத்தேன் மகள்.”

முன் அறையில் யாரோ இன்னும் கொஞ்சம் இறைச்சி கேட்டார்கள். ஸமீமா சாடியை எடுத்தார்.

“உங்களுக்கு உம்மா ஈக்காவா?”

மிதுனா தலையாட்டினாள்.

“போய் அவவோட பேசுங்க. சுறுக்காப் பேசுங்க.”

சாப்பிடாமலே இறங்கினார்கள். சப்ரி மட்டும் மேலே நின்றுகொண்டான். வெயில் இன்னும் தாழவில்லை. சந்தில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். மிதுனா முன்னால் நடந்தாள்.

“அண்ணா, அப்ப இது ஆர்ர குரல்?”

தனஞ்சயன் பின்னாலேயே வந்தான். “ஷஹீமாவுக்கு நாங்கள் பதிவு குடுத்தனாங்கள். அவவுக்கு முதல் இருந்த அக்கான்ர பதிவு. அந்த அக்காவுக்கும் ஆரோ குடுத்தவை. அதுக்கு முதல் எனக்குத் தெரியாது. சங்கத்தில எப்பவும் இந்தக் குரல்தான்.”

“அந்த அக்கா இப்ப எங்க?”

“கனடா. கதைக்கிறேல்லை. எழுதுவா.”

பந்து காலடியில் உருண்டு வந்தது. அவள் அதைத் தாண்டி நடந்தாள்.

“மிதுனா,” என்றான் தனஞ்சயன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். “மிதுனா.” பிறகு, “ஷஹீமா,” என்றான். அவள் திரும்பினாள். திரும்பிய பிறகுதான் என்ன நடந்ததென்று இருவருக்கும் தெரிந்தது.

“எனக்கு மைக் வேண்டாம்,” என்றாள்.

“சரி. விடும்.” அவன் முகம் வெளிறியிருந்தது. “ஆனா இப்ப சொன்னீரே, அது எந்தக் குரலில சொன்னனீர் எண்டு கேட்டனீரோ?”

அவள் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தாள். செருமினாள். “அம்மா,” என்று சொல்லிப் பார்த்தாள். தாழ்ந்து, மூச்செடுத்து வந்தது. கொஞ்சம் கத்தினாள், குளியலறையில் ரயிலுக்கு மேலாகக் கத்துகிற மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். வந்ததென்னவோ அதே குரல்தான், உரத்து.

வீட்டுக்கு ஃபோன் எடுத்தாள்.

“அம்மா, நான்தான்.”

“ஹலோ? ஆர் கதைக்கிறது?”

“நான்தானம்மா.”

மறுபுறம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரி அவர்களை அதட்டி நிறுத்தினார்.

“மிதுனான்ர ஃபிரெண்டோ? சொல்லுங்கோ பிள்ளை. அவவின்ர ஃபோன் உங்களிட்ட எப்படி? அவவுக்கு ஒண்டுமில்லையே?”

அம்மாவின் குரல் நடுங்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு முறை நான்தான் என்று சொன்னால் அவர் இன்னும் பயப்படுவார்.

“பயப்படாதேங்கோ ஆன்ட்டி,” என்றாள். “பக்கத்திலதான் நிக்கிறா. குடுக்கிறன்.”

ஃபோனை ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்கு மாற்றினாள். பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

“மிதுனா,” என்று அம்மா கூப்பிட்டார். “கதையும் பிள்ளை. மிதுனா.”

அவள் வாயைத் திறந்தபடி, பேசாமல் நின்றாள்.