பதினாறு வருடம் நான் நிரப்பாத விண்ணப்பம்

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து நின்று சொல்லும்படி போதகர் அம்மா மூன்று முறை கேட்டுவிட்டார்கள். மைக்கைப் பிடித்தால் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

என் பெயர் ஜெயசீலி. வயது முப்பத்து மூன்று. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு பிள்ளையின் படிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

அந்தப் பிள்ளையின் பெயர் சரண்யா. வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறவள். அம்மா முத்துலட்சுமி கொழுந்து கிள்ளும் வேலை செய்கிறவர். எங்கள் கடையில் தமிழில் பேசலாம் என்று யாரோ சொல்லி, அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்தார்கள். பிளஸ் டூவில் சரண்யாவுக்கு எல்லாப் பாடத்திலும் ஏ ப்ளஸ். பி.எஸ்ஸி. கணக்குக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். இடம் ஒதுக்கும் முதல் அலாட்மெண்ட் பட்டியல் வந்த அன்று இருவரும் மறுபடி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். நம்பரைத் தட்டினேன். விண்ணப்பம் பூர்த்தியாகவில்லை என்று திரையில் வந்தது.

விண்ணப்பம் போட்ட அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். நெட் வருவதும் போவதுமாக இருந்தது. பணம் கட்டினேன், பிரிண்ட் எடுத்தேன், கடைசியாக உறுதி செய்யும் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். நான் கொடுத்தது உறுதி செய்யாத படிவத்தின் பிரிண்ட். கடைசித் தேதி போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கடைக்காரர் பிரசன்னன் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். மலையாளி. என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்.

"சீலி, சைட் கம்ப்ளெயின்ட்னு பறஞ்சா மதி. ஆரும் சோதிக்கில்லா. கடையோட பேரு போகும், மனசிலாயோ?"

பழியை வெப்சைட் மேல் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். நானும் பயந்துதான் இருந்தேன்.

வெளியே வந்தேன். "என்னம்மா, சீட்டு வந்துருச்சா?" என்று முத்துலட்சுமி அக்கா கேட்டார்.

ஒரு வருடம் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எனக்குப் பதினேழு வயதில், வள்ளியூரில் பிளஸ் டூ முடித்து, நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் கணக்குக்கே இடம் கிடைத்திருந்தது. சேர நான்கு நாள் இருக்கும்போது, எல்லைக்கு இந்தப் பக்கம் கழக்கூட்டத்தில் கட்டட வேலையில் இருந்த அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். இரண்டு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று அம்மாவும் நானும் கிளம்பி வந்தோம். பதினாறு வருடம் ஆகிவிட்டது. அம்மா ஹோட்டலில் பாத்திரம் கழுவி எங்களைக் காப்பாற்றினாள். அப்பா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார்.

ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகள் என் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள்.

"பி.காம் எடுத்தா கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனில வேலைக்குக் கேறலாம்டா. என் கசின் அங்கதான்."

"நர்சிங் படிச்சா ஜெர்மனி. நீ ஜெர்மன் கிளாஸ்ல சேர்ந்தாச்சா?"

"அக்கா, நாலு வருஷ டிகிரி நல்லதா? நீங்க எது படிச்சீங்க?"

கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டு, சர்டிபிகேட்டை எடுங்கள் என்பேன். தினமும் காலையில் என் பஸ் ஒரு பெண்கள் கல்லூரியைத் தாண்டித்தான் வரும். நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் கேட்டுக்குள் போவதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அவர்களில் ஒருத்தி மழையில் குடை இல்லாமல் ஓடினாலும் எனக்குப் பொறாமையாக இருக்கும். "ஆண்டவரே, எனக்கும் ஒரு வாசலைத் திறந்து தாரும்" என்று பஸ்ஸிலேயே ஜெபிப்பேன். பதினாறு வருடமும் அதே ஜெபம்தான்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். எதை அழுத்த மறந்தேன் என்று திரையில் காட்டினேன்.

சரண்யா அழவில்லை. "அப்ப இந்த வருஷம் இல்லையாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

முத்துலட்சுமி அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "இவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்னு இவ சித்தப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. காலேஜ் கிடைச்சிரும்னு சொல்லித்தாம்மா நான் தடுத்து வச்சிருக்கேன். இனி என்னன்னு சொல்லுவேன்?" என்றார்.

அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, பேப்பர்க் கட்டுகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குப் போய் முழங்கால் போட்டேன். இப்படிச் சொன்னேன்: "ஆண்டவரே, என் படிப்பை இனி உம்மிடம் கேட்கமாட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கொடும்." உங்களுக்கு இது சின்ன வார்த்தையாகத் தெரியலாம். எனக்கென்று நான் கேட்டது அது ஒன்றுதான். அதை விட்டபோது உள்ளுக்குள் ஏதோ அறுந்ததுபோல் வலித்தது.

மறுநாள், நடந்ததை என் கையெழுத்தில் எழுதிக்கொண்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பெண் அதிகாரி கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். தவறு தன்னுடையது என்று எழுதிக்கொண்டு இதுவரை யாரும் வந்ததில்லை என்று மலையாளத்தில் சொன்னார். ஆனால் இப்போது எதுவும் செய்ய முடியாதாம். எல்லாப் பட்டியலும் முடிந்து இடம் மீந்தால், புதிய விண்ணப்பத்துக்கு சைட்டை மறுபடி திறந்தாலும் திறப்பார்களாம். உறுதி இல்லை, தேதியும் இல்லை. "தினமும் பாருங்கள்" என்றார்.

தினமும் பார்த்தேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். பதினொரு மணிக்கு சரண்யா போன் செய்வாள். லைன் வீட்டில் சிக்னல் கிடைக்காது. ரோட்டு வளைவு வரை நடந்து வந்து பேசுவாள்.

"அக்கா?"

"இன்னும் இல்லம்மா."

அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவாள். இப்படியே நான்கு வாரம் போனது. வீட்டில் அப்பாவும் ஜெபித்தார். நான் ஒருநாள் ஜெபிக்கவே இல்லை. இதற்குமேல் எதை விடச் சொல்கிறீர் என்று ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டு தூங்கிவிட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை சைட் திறந்தது. மூன்றே நாள் அவகாசம். அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவள் "அக்கா?" என்றதும், "கிளம்பி வா" என்று மட்டும் சொன்னேன்.

மதியம் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வரியையும் சரண்யா சத்தமாக வாசிக்க, நான் அடித்தேன். கடைசிப் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்ததும் அதைப் பிரிண்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

பிறகு அவள் கேட்டாள். "அக்கா, நீங்க என்ன படிச்சீங்க?"

அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கப்புறம் எப்பவாச்சும் அப்ளிகேஷன் போட்டீங்களா?" என்றாள்.

வாசலைத் திறந்து தாரும் என்று பதினாறு வருடம் கேட்டவள், ஒரு தடவைகூட என் பெயரை ஒரு படிவத்தில் அடித்ததில்லை. தொலைதூரப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கிடைக்காமல் போய்விட்டால் கேட்பதற்கும் ஒன்றும் மிஞ்சாது என்று பயந்திருக்கிறேன். அது அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

"இனிமே கேக்கமாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேம்மா" என்றேன்.

முத்துலட்சுமி அக்கா நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. அவர் கும்பிடும் சாமி வேறு. ஆனால் அன்றைக்குக் கர்த்தர் அவர் வாயால்தான் என்னோடு பேசினார்.

"கேக்கமாட்டேன்னுதானேம்மா சொன்னீங்க. குடுத்தா வாங்கமாட்டேன்னு சொல்லலையே."

சரண்யா என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, தொலைதூரப் படிப்புக்கான படிவத்தைத் திறந்தாள். நான் எதிர்ப்பக்கம் போனேன். பதினொரு வருடத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை.

"பேரு சொல்லுங்க."

"ஜெயசீலி."

"அப்பா பேரு?"

"தங்கராஜ்."

"கடைசியா படிச்ச ஸ்கூல்?"

அங்கே அழுதுவிட்டேன். பிரசன்னன் அண்ணன் அருகில் வந்து நின்று, "சீலி, இந்தப் பொண்ணு உன்னைவிட ஸ்பீடாணு" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. வித்துராவிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய கல்லூரியில் சரண்யாவுக்குக் கணக்குக் கிடைத்தது. முத்துலட்சுமி அக்கா ரோட்டு வளைவிலிருந்து போன் செய்தார். "அவ சித்தப்பாகிட்ட நானே சொல்லிட்டேம்மா" என்றார்.

அடுத்த மாதம் எனக்கும் மாணவர் அடையாள அட்டை வந்தது. அப்பா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "போட்டோல கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்ளா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு காலையில் என்னை ஏன் காணவில்லை என்று உங்களில் சிலர் விசாரித்தீர்கள். எனக்கு வகுப்பு ஞாயிற்றுக்கிழமைதான். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது. மறுபடி எழுதியிருக்கிறேன்.

பதினெட்டு வயதில் தோழிகளோடு கடைசி பெஞ்சில் உட்காரும் அந்த நாட்களை ஆண்டவர் திருப்பித் தரவில்லை. அந்த ஏக்கம் இன்னும் இருக்கிறது. சில காலைகளில் பஸ்ஸில் கண் நிறைந்துவிடும். முன்பெல்லாம் அதை அவரிடம் கோரிக்கையாகச் சொல்வேன். இப்போது பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவதுபோல் பேசுகிறேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, உங்களிலும் யாராவது பல வருடமாக ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கலாம். வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று தோன்றலாம். கர்த்தரை நம்பி ஓர் அடி வையுங்கள். வியாழக்கிழமை மதியம் எங்கள் கடையில் கூட்டம் இருக்காது. பிளஸ் டூ சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் இரண்டு நிமிடம் ஜெபிப்போம். பிறகு உங்கள் பெயரைச் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன்.