பென்சில் குறிப்பு நின்ற பக்கம்

கம்ப்யூட்டர் டெக்னீஷியன் பரீட்சைக்கு கைடு வாங்க இன்னைக்கு காலையில புதுக்கோட்டை போயிருந்தேன்.

பழைய புத்தகக் கடையில ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு புதுசு. இன்னொண்ணு பழசு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

"புதுசையே எடுங்க தம்பி. அந்தப் பழசு மூணு தடவ வித்தும் திரும்பி வந்துருச்சு"ன்னாரு கடைக்கார பாய்.

யாரோ உக்காந்து படிச்சு எழுதுன குறிப்பு ஓசியில கெடைக்குதேன்னு பழசையே எடுத்தேன். என் புத்தி அப்படி.

மத்தியானம், அன்னவாசல்ல நான் வேலை பாக்குற சர்வீஸ் கடை. ஒரு பவர் சப்ளை பாக்ஸைக் கழட்டிக்கிட்டிருந்தேன். பிளக்கை அப்பத்தான் உருவினேன். நாலு ஸ்க்ரூவுல மூணு வந்துருச்சு. சும்மா கைடுல அந்தப் பாடத்தைப் புரட்டினேன்.

ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்துச்சு:

"பிளக்கை உருவினாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும். ஒடனே திறக்காதே. நான் திறந்தேன்."

அதுக்கப்புறம் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு பென்சில் கோடு கூட இல்ல.

மூணு ஸ்க்ரூவையும் திருப்பி முடுக்கிட்டேன்.

ஏங்க, திறந்தவரு இதை எப்ப எழுதியிருப்பாரு? யோசிச்சுச் சொல்லுங்க. என்னை மாதிரி இல்லாம புது கைடு வாங்குன புத்திசாலிங்க மொதல்ல சொல்லுங்க.