கோமளா பிணைத்தது அறுந்து போகவில்லை

சுரேஷ் என்னைக் கேட்காமல் என் கதையின் முடிவை மாற்றி, என் பெயரிலேயே யூடியூபில் வாசித்துவிட்டான்.

சுரேஷ் என் மனைவியின் தம்பி மகன். கதை வாசிக்கும் சேனல் வைத்திருக்கிறான். நான் அவனைத் தேடிப் போகவில்லை. அவனேதான் வந்து, "மாமா, உங்க விண்வெளி திருடங்க கதைய குடுங்க, வாசிக்கிறேன்" என்று வாங்கிப் போனான்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பூமியைச் சுற்றும் நிலையம் ஒன்றில், ஒரு பணக்காரர் ஆரணிப் பட்டுப்புடவையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். யாரும் உடுத்தியதே இல்லை. அதைத் திருட நம் ஊரிலிருந்து மூன்று பேர் போகிறார்கள்.

(எடை இல்லாத இடத்தில் கொசுவம் நிற்காது என்பது எனக்கும் தெரியும். அவர்கள் கட்டப் போகவில்லை, திருடப் போகிறார்கள்.)

புடவையோடு, தங்கள் கப்பலில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் திரும்பும்போது, காவல் இயந்திரம் கயிற்றைப் பாதிக்கு மேல் வெட்டிவிடுகிறது. அப்படியே கப்பல் இழுத்தால் மீதியும் போய்விடும்.

மூவரில் ஒருத்தி கோமளா. பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; தீர்ந்த பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்ப்பார்களே, அந்த வேலை. முடிச்சே கிடையாது. அதே போல் அவள் கயிற்றின் இழைகளைப் பிணைக்கிறாள். கப்பல் இழுக்கிறது. கயிறு தாங்குகிறது. தப்பிக்கிறார்கள்.

இது என் முடிவு.

சுரேஷ் வாசித்தது: கோமளா பிணைத்த இடம் அறுந்தது. மூவரும் பிடிபட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

போன் செய்தேன். "ஏண்டா மாத்தின?"

"திருடங்க தப்பிச்சா ஒத்துக்க மாட்டாங்க மாமா. ஃபேமிலியா ஒக்காந்து கேட்டுகினு கீறாங்க."

"வேற எப்டியாச்சும் மாட்ட வெச்சிருக்கலாமே. அந்த எடத்த ஏண்டா அறுத்த?"

"கதைதான மாமா. பேஜார் பண்ணாதீங்க."

கதைதான். ஆனால் எங்கள் தெருவில் பாவு பிணைக்கும் சரசுவைப் பார்த்துத்தான் கோமளாவை எழுதினேன். அதை நானே எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறேன்.

மறுநாள் சரசு ஒரு வீட்டில் இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுப் பிணைத்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தறிக்காரர் நாலு பேர் முன்னால், "பாத்து பிணை சரசு, மேல போயி அறுந்துடப் போவுது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

சாயங்காலம் சரசு என் வாசலில் நின்றாள்.

"நான் பிணைச்சது எந்தத் தறியிலண்ணா அறுந்துச்சு?"

"நான் அப்படி எழுதலம்மா. சுரேஷ் மாத்திட்டான்."

"ஒங்க பேர சொல்லித்தான படிக்கிறான். இனிமே ஒங்க வீட்டுப் பாவ நான் தொட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

எங்கள் தறியில் பாவு தீரப் போகிறது. வேறு ஆளை நான் பார்க்கப் போவதில்லை.

ஆகவே:

சுரேஷ் அந்த வீடியோவை நீக்க வேண்டும். முதலில் சரசு வீட்டுக்குப் போய், மாற்றியது தான்தான் என்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. பிறகு என் முடிவை ஒரு வார்த்தை மாறாமல் வாசித்துப் போட வேண்டும்.

கேலி பேசிய தறிக்காரர், அதே நாலு பேர் முன்னால் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

"திருடங்க மாட்டுனது சூப்பர்" என்று கமெண்ட் போட்டவர்கள் புது வீடியோவையும் கேட்க வேண்டும்.

அதுவரை என் மனைவி சுரேஷுக்குக் காபி போடக் கூடாது. (தம்பி மகன்தான். தெரியும்.)

கோமளா எதுவும் செய்ய வேண்டாம். அவள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தாள்.