லிஃப்ட்காரி சொல்லாத 'சரி'

என் தங்கை லிஃப்ட் பழுது பார்ப்பவள். தெருவில் அவளுக்கு லிஃப்ட்காரி என்றே பெயர். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மேலே மோட்டார் அறையில் இருப்பவர் "போடட்டா?" என்று கத்துவார். கீழே குழிக்குள் இருப்பவர் "போடு" என்று சொன்னால்தான் மேலே இருப்பவர் சுவிட்சில் கை வைப்பார்.

வீட்டிலும் அவளுக்கு அதே சட்டம்தான். தையல்காரப் புருஷன் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் வாத்தியார் ஒருவர். புருஷனிடம் கேட்டு, அவர் வாய்திறந்து சரி என்ற பிறகு தொடங்கிய காதல் அது. விஷயம் தெரிந்த அன்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அசரவில்லை.

"சில பேர் மூணு பேரா ஒரே வீட்டுல இருக்காங்கக்கா. சில பேர் 'எங்க வேணா போ, என்கிட்ட சொல்லாதே'ன்னு பேசி வச்சிருக்காங்க. எங்களுக்குள்ள, கேட்டுட்டுத்தான் போகணும். கேக்காம போனா அதுக்குப் பேரு துரோகம்."

போன வருஷம் தையல்காரருக்கு நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின்மேல் மனசு போயிற்று. முறைப்படி தங்கையிடம் கேட்டார். அவள் பதிலே சொல்லவில்லை. மனுஷன் மூன்று நாள் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணோடு வெளியே போய்வந்துவிட்டார்.

தங்கை பையோடு என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு உள்ளூரக் குஷி.

"நான் அப்பவே சொன்னேன்ல? உனக்கொரு நியாயம், அவருக்கொரு நியாயமா?"

"ஆசைப்பட்டது தப்பில்லக்கா. ஆனா நான் சரின்னு சொல்லலையே! எனக்கு வயிறு எரிஞ்சுது, அதான் பேச்சே வரலை. மௌனம் சம்மதம்னு நினைச்சாராம். கீழேருந்து பதில் வரலைன்னா என்ன அர்த்தம்? ஆள் மயங்கிக் கிடக்கான்னு ஓடி வந்து பாக்கணும்!"

சொல்லிவிட்டு அழுதாள். இனி அவரோடு வாழ முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பொறாமையை இப்படிப் பூசி மெழுகாமல் சொன்ன ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

எட்டாம் நாள் தையல்காரர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நீ பேசாம இருந்ததை எனக்குத் தோதா எடுத்துக்கிட்டேன். தப்புதான். அந்தப் பொண்ணுகிட்டயும் நடந்ததைச் சொல்லிட்டேன். இப்ப மறுபடி கேக்குறேன், அவளோட பழகட்டா? நீ வேண்டாம்னாலும் சரி."

தங்கை வெகுநேரம் யோசித்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

"இப்ப வேண்டாம். மனசு ஆறினா நானே சொல்றேன்."

"சரி."

அவள் பையை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

"பொண்டாட்டிகிட்ட இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் "நீ வேண்டாம்னாலும் சரி" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.