என் கையெழுத்தில் தோகுஜியின் வாக்குமூலம்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் இந்த அசிங்கம் என் தலையில் விழுந்தது. ஜப்பானின் வடக்கே அகிதாவில் கடலோர ஊர் ஒன்றின் காவல் நிலையத்தில் நான் சார்ஜென்டாக இருந்தேன். இன்ஸ்பெக்டர் கமதா விசாரிப்பார், நான் மூலையில் சின்ன மேசை போட்டு எழுதுவேன். எங்களிடம் வாக்குமூலம் கேள்வியும் பதிலுமாக இருக்காது. "நான் இன்ன நாளில், இன்ன இடத்தில்" என்று பிடிபட்டவனே உட்கார்ந்து நிதானமாகக் கதை சொன்னது போல முழுக்க நாங்களே எழுதிவிடுவோம். அவன் கீழே பெயரெழுதி, மையில் விரலை வைத்து உருட்டினால் போதும். எத்தனை பேருடைய "நான்" என் பேனாவிலிருந்து வந்தது என்று நினைத்தால் இப்போது சோறு இறங்குவதில்லை.

அதில் ஒருவர்தான் சசமோரி தோகுஜி. ஊர்ப் பொதுக் குளியலகத்தில் உலை எரிப்பவர். வயது ஐம்பத்திரண்டு, மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகள் ஹத்சுயே, மருத்துவமனையில் நர்ஸ். பழைய மரச்சட்டங்களை வண்டியில் இழுத்து வந்து, பிளந்து, மதியம் இரண்டு மணிக்கு உலை மூட்டுவார். வெந்நீர் கொஞ்சம் ஆறிப்போனால்கூட ஆண்கள் பக்கமிருந்து, "யோவ் தோகுஜி, தூங்கிட்டியா? எங்களை ஐஸ் மீனாக்கப் போறியா?" என்று கத்துவார்கள். இவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க!" என்பார். ஒரு பூனையை அதட்டத் தெரியாத மனிதர்.

1978 பிப்ரவரியில் ஒரு மாலை நாலு மணிக்கு, குளியலகத்துக்கு ஒட்டினாற்போல் இருந்த சிகரெட் கடை பற்றி எரிந்தது. கடைக்காரம்மா கிசே, விதவை, உள்ளேயே கருகிப் போனார். முதலில் வாளியோடு ஓடிவந்தவர் தோகுஜி. முதலில் வந்ததுதான் அவர் செய்த குற்றம். நெருப்போடு பிழைக்கிறவன், பக்கத்திலேயே மண்ணெண்ணெய் டின் வேறு இருக்கிறது, போன வாரம்தான் கரி பறந்து துணியில் விழுகிறதென்று கிசே அம்மா அவரைத் திட்டியிருக்கிறார். கமதாவுக்கு அது போதும். மறுநாள் காலை, "ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று அழைத்து வந்தார். அந்த அஞ்சு நிமிஷம் பத்து வருடம் ஆனது.

சட்டப்படி இருபத்து மூன்று நாள் நாங்கள் நிலையத்திலேயே அடைத்து வைத்துக்கொள்ளலாம். வக்கீல் உள்ளே வரமாட்டார். காலை எட்டரைக்கு உட்கார வைத்தால் இருட்டிய பிறகுதான் எழுப்புவோம். அடிப்பதில்லை. அடிக்காததில் எங்களுக்குப் பெருமை வேறு, த்தூ!

முதல் வாரம் முழுக்க அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"நான் வைக்கலீங்க ஐயா. பொகை வந்துச்சு, ஓடினேன்."

"டேய், பொய் சொல்லாதே. அன்னிக்கு மத்தியானம் குடிச்சியா இல்லையா?"

"ஒரு கிண்ணம் சாக்கே குடிச்சேங்க. குளிருக்கு."

"ஒரு கிண்ணமா ரெண்டு கிண்ணமா?"

"ஒண்ணுதான்... ரெண்டாக்கூட இருக்கலாமுங்க."

"பாத்தியா? எத்தனை கிண்ணம்னே ஞாபகம் இல்ல. அப்புறம் தீ வைக்கலைன்னு மட்டும் எப்படிடா உனக்கு ஞாபகம் இருக்கும்?"

தோகுஜி முகத்தில் ஈயாடவில்லை. கமதா அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அதே பாட்டு: நீ செய்யவில்லை என்றில்லை, உனக்கு ஞாபகம் இல்லை. கேட்டுக் கேட்டு, பத்தாம் நாள் தோகுஜி தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். அவை வேறு யாருடைய கைகளோ என்பது போலப் பார்த்தார். நான் தலை நிமிராமல் எழுதினேன்.

இதற்கு நடுவே தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் அறிக்கை கொண்டுவந்தார். தீ வெளியே சந்திலிருந்து வரவில்லை, கடைக்கு உள்ளே, குளிருக்குக் கால் நீட்டி உட்காரும் மின்சாரச் சூடு மேசையின் அடியில் தொடங்கியது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. கமதா படித்தார். என் கண் முன்னாலேயே மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

"இது வழக்கைக் குழப்பும்யா. எழுதுற வேலையைப் பாரு."

பார்த்தேன்.

பதினாலாம் நாள் கமதா மேசைமேல் கிசே அம்மாவின் கறுப்புச் சட்டமிட்ட படத்தை வைத்தார். சின்னக் கிண்ணத்தில் சாம்பல், அதில் ஒரு ஊதுவத்தி. அதுவரை 'டேய்' போட்டவருக்குத் திடீரென்று குரல் குழைந்துவிட்டது.

"தோகுஜி அண்ணே, நீங்க செஞ்சீங்களோ இல்லையோ, அதை விடுங்க. பக்கத்து வீட்டம்மா செத்துப் போயிருக்காங்க. ஒரு தடவை கும்பிட மாட்டீங்களா?"

எங்கள் பக்கத்தில் செத்தவர் முன்னால் மன்னிப்புக் கேட்காதவன் மனிதனே இல்லை. சாவுக்கும் நமக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கடைசியாக வந்து பார்க்காததற்கு, உதவாததற்கு, நாம் இன்னும் உயிரோடு இருப்பதற்குக்கூட மன்னிப்புக் கேட்போம். நான் என் மாமியார் சவத்தின் முன்னால் கேட்டிருக்கிறேன், அவர் தொண்ணூற்றொரு வயதில் தூக்கத்தில் போனவர். தோகுஜி கை கூப்பினார். தோள் குலுங்கியது.

"உலைச் சத்தத்துல உங்க சத்தம் கேக்கல அம்மா. நான் இன்னும் சீக்கிரம் வந்திருக்கணும். மன்னிச்சிடுங்க அம்மா, மன்னிச்சிடுங்க."

கமதா என் பக்கம் திரும்பி, சாவகாசமாக, "எழுதுய்யா. பாதிக்கப்பட்டவரின் படத்தைப் பார்த்ததும் நான் கதறி அழுது மன்னிப்புக் கேட்டேன்" என்றார்.

"அவரு சீக்கிரம் வரலைன்னுதானே சார்..."

"உனக்கு அதிகமா தெரியுமா?"

எழுதினேன். உலைச் சத்தத்தை விட்டுவிட்டேன், சீக்கிரம் வராததை விட்டுவிட்டேன். மன்னிப்பு மட்டும் முத்து முத்தாக மிஞ்சியது.

அதற்குப் பிறகு தோகுஜிக்கு எதிர்க்கத் தெம்பில்லை. "நான்தான் போலிருக்குங்க" என்றார். எப்படி வைத்தார் என்று அவருக்கே தெரியாது, பாவம். கமதா சொல்லிக் கொடுக்காத மாதிரியே சொல்லிக் கொடுத்தார்.

"எண்ணெயை எங்கே ஊத்தினே?"

"வாசல்லீங்களா?"

"நல்லா யோசி."

"அப்ப... பின்பக்கமுங்களா?"

"பாத்தியா, ஞாபகம் வருது பாரு! எதுல பத்த வச்சே?"

"லைட்டர்ல?"

கமதா பேசாமல் சிகரெட்டைத் தட்டினார். தோகுஜி பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல அவர் முகத்தையே பார்த்தார்.

"தீப்பெட்டிங்க. தீப்பெட்டிதான்."

"சபாஷ். நீங்க ஒத்துழைச்சா, உங்க பொண்ணு ஆஸ்பத்திரிக்கு நாங்க போக வேண்டியிருக்காது அண்ணே."

இப்படித்தான் பதினெட்டுப் பக்கம் வந்தது. பிறகு அவர் இடுப்பில் கயிறு கட்டி, மறு நுனியை நானே பிடித்துக்கொண்டு, எரிந்த கடைக்குக் கூட்டிப்போனோம். பின்பக்கத்தைக் காட்டச் சொன்னோம், காட்டினார். விரல் நீட்டி நிற்கிற மாதிரி புகைப்படம் எடுத்துக்கொண்டோம். ஆள் எங்கே காட்டுவது என்று தடுமாறியபோது நான் கயிற்றை லேசாகச் சுண்டினேன். படத்தில் அது தெரியாது.

நீதிமன்றத்தில் அவருடைய வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றினார். "இந்த விவரங்களை யாராவது அவருக்கு எடுத்துக் கொடுத்தார்களா?" என்று கேட்டார். கமதா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஹத்சுயே முன்வரிசையில், என் வாயையே பார்த்தபடி.

"இல்லை. அவராகவே சொன்னார்," என்றேன்.

அவ்வளவுதான். இரண்டே வாக்கியம், நாக்கு அழுகிப் போயிருக்கலாம். படத்தின் முன்னால் அழுத இடத்தைத் தீர்ப்பில் அப்படியே எடுத்துப் போட்டார்கள். குற்றமற்றவன் இப்படி மனம் உருகி மன்னிப்புக் கேட்க மாட்டானாம். பதின்மூன்று வருடம் தண்டனை. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு.

கமதா ஓய்வு பெற்று அறையைக் காலி செய்தபோது, குப்பைக்குப் போக இருந்த காகிதங்களுக்குள் அந்தத் தீயணைப்பு அறிக்கை கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். நல்லவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் ஓய்வு பெற்று ஓய்வூதியம் உறுதியாகும் வரை அது என் அலமாரியில்தான் தூங்கியது. தோகுஜி நன்னடத்தையில் பத்து வருடத்திலேயே வெளியே வந்து, மீன் சந்தையில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

போன வருடம், 1999இல், ஹத்சுயேயிடம் போய் அறிக்கையைக் கொடுத்தேன். வாசலிலேயே நிற்க வைத்துப் படித்தாள். அறைவாள் என்று நினைத்தேன், அறையவில்லை.

"கோர்ட்டுல வந்து இதைச் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"அப்ப போய் அப்பாகிட்ட மொதல்ல சொல்லுங்க. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்குறாரு."

சந்தையின் பின்னால், ரப்பர் பூட்ஸோடு குழாயடியில் அவரைப் பார்த்தேன். எழுபத்து மூன்று வயதுக்கு நல்ல கட்டு. என்னைக் கண்டதும் குனிந்து வணங்கினார். நான் அறிக்கையை நீட்டி, தீ உள்ளே இருந்துதான் வந்தது, மறுவிசாரணைக்கு மனுப் போடலாம், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தார்.

"இது தப்புங்க," என்றார். "பின்பக்கம் நான்தானே ஊத்தினேன்."

"யோவ், அதை எழுதினவனே நான்யா! நீ வாசல்னு சொன்னே, அந்த ஆளுதான் யோசின்னான்!"

"மொதல்ல மறந்திருந்தேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. இப்பக்கூட அந்த எண்ணெ வாசம் மூக்குல இருக்கு."

"வாசமா? ஒரு சொட்டு ஊத்தலைய்யா நீ!"

சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் தோளைத் தொட்டார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்!

"சிறையில மாசா மாசம் அந்தம்மா குடும்பத்துக்குக் கடுதாசி போட்டேன். எட்டு வருஷம் கழிச்சு ஒரு பதில் வந்துச்சு, மன்னிச்சிட்டோம்னு. இப்ப போயி நான் செய்யலைன்னு சொன்னா, அவங்களை என்னன்னு நெனைக்கச் சொல்றீங்க? பத்து வருஷம் நான் கும்பிட்டதெல்லாம் எதுக்குன்னு நெனைக்கச் சொல்றீங்க?"

நான் அறிக்கையில் 'உள்ளே' என்று இருந்த இடத்தை விரலால் காட்டினேன்.

"எம் பொண்ணும் இதையேதான் பேசுறா. அதான் அவளை வர வேணாம்னுட்டேன். நீங்களும் வராதீங்க."

காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அடுத்த பெட்டியை எடுத்தார். சீ, அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபம் அவர்மேல்தான். என்னை யோக்கியனாக விடமாட்டேன் என்கிறாரே என்று. அப்படிப்பட்ட பிறவி நான்.

ஹத்சுயே ஒரு வக்கீலைப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திருப்பி வைத்துக் காட்டினார். தண்டனை பெற்றவர் புத்தித் தெளிவோடு இருக்கும்வரை மறுவிசாரணையை அவர்தான் கேட்க வேண்டும். அவர் இறந்த பிறகு மகள் கேட்கலாம்.

"அப்பா செத்தாதான் அப்பா நல்லவருன்னு நான் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எழுதிக் குடுத்தா மட்டும் போதாது. அவரு போன பிறகு நீங்க நேர்ல கூண்டுல நிக்கணும், கேள்விக்குப் பதில் சொல்லணும்" என்றார்.

எனக்கு அறுபத்திரண்டு. ஈரல் கெட்டுவிட்டது, மருத்துவர் உதட்டைப் பிதுக்குகிறார். தோகுஜி பனியிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்.

மாதம் ஒருமுறை ஹத்சுயே போன் செய்கிறாள். மருந்து சாப்பிட்டீர்களா, குடிக்காமல் இருக்கிறீர்களா என்று நர்ஸ் போலவே விசாரிக்கிறாள். இருக்கிறேன் என்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பேன்.

"நல்லாதான் இருக்காராம்," என்பாள்.

பிறகு, அடுத்த மாதம் வரைக்கும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லிப் போனை வைப்பாள்.