கீழே இறங்கிய எலும்பு

காலை ஆறேகால் மணிக்கு வயல் வரப்பில் வழுக்கி விழுந்தேன். எழ முயன்றபோது முதலில் கண்ணில் பட்டது, வாத்துமுட்டைபோல் வீங்கிய என் வலது கணுக்கால்.

வீட்டுக்குத் தூக்கி வந்த மைத்துனன் தடவிப் பார்த்தான். "அத்தான், உள்பக்கத்து எலும்பைவிட வெளிப்பக்கத்து எலும்பு கீழ இறங்கிட்டு. தட்டி ஏத்தலேன்னா நடை போயிரும்" என்று உலக்கையில் துணி சுற்றினான்.

என் மனைவி உலக்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, அத்தானுக்க மத்தக் காலைப் பாரு."

"அக்கா, அதுவும் இறங்கிட்டு!"

"ஒனக்க காலைப் பாருலே."

பார்த்தான். அவனுக்கும் அப்படியே இருந்தது. உலக்கையைக் கீழே வைத்தான்.

நடந்ததைக் கேட்டு வடசேரி வைத்தியர் சிரித்தார். "ஓய், எல்லாருக்கும் வெளி எலும்பு கீழதான் இருக்கும். ஒமக்கு வெறும் சுளுக்கு."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கு எது வீங்கினாலும், வீங்காத பக்கத்தை முதலில் பார்க்கிறோம்.

மைத்துனன் மட்டும் வைத்தியர் சொன்னதை நம்பாமல் அன்று மாலைவரை நொண்டி நடந்தான்.